எண்ணூறு சொன்ன குண்டான்

எங்கள் பாத்திரக்கடையில் கல்லாவில் உட்காருவது என் மனைவி. சந்தையில் கூடை வைத்து விற்கும் நாற்பது பெண்கள் தங்கள் சேமிப்பை அவளிடம்தான் கொடுத்து வைக்கிறார்கள். வங்கி அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது.

அந்த நாற்பது பேரைத் தேடித்தான் கம்பெனிக்காரன் வந்தான். சொந்தக் கம்பெனியாம். வேகாத வெயிலிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"அக்கா, எல்லாரும் போன்லயே கணக்கு தொடங்கலாம். போடலாம், எடுக்கலாம், கடனும் கிடைக்கும். செலவே இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"செலவே இல்லன்னா நீ எதுக்குப்பா இப்படி அலையற?"

"இவங்களுக்கும் ஒரு வழி பிறக்கணும்ல அக்கா."

என் மனைவி ஒரு குண்டானை இறக்கி வைத்தாள். புது ஆளை எடைபோட எங்கள் கடை வழக்கம் அது.

"எண்ணூறு. வீட்டுக்கு எடுத்துக்கோ."

ஐந்நூறு பெறாத குண்டான். அவன் மறுபேச்சில்லாமல் போனை நீட்டிப் பணம் கட்டினான்.

அவன் தெரு திரும்பியதும், "பேரம் பேசலன்னா அது அவன் காசில்ல. எவனோ போட்ட முதல்," என்றாள். "அந்த எவனோ நாளைக்குத் திருப்பிக் கேட்டா, இவன் யார் மடியில கைவைப்பான்?"

மறுநாள் அவன் வந்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"உங்கம்மா காசு எங்க இருக்கு?"

"நம்ம ஆப்லதான் அக்கா!"

"கூட்டிட்டு வா. அவங்க சொன்னா நானும் சொல்றேன்."

அடுத்த வாரமே அழைத்து வந்துவிட்டான். அந்த அம்மாவுக்கும் அதே ரகக் குண்டான், அதே எண்ணூறு. அவர் கவிழ்த்துப் பார்த்தார், நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இந்தத் தகரத்துக்கா? முந்நூறு தரேன்."

அரை மணி நேரம். நானூற்றைம்பதில் முடிந்தபோது எனக்கு இருபது நஷ்டம். என் மனைவிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. நாற்பது பேரும் அவன் கைக்கு மாறியதாகவே நினைத்தேன்.

"போன்லயே கட்டுங்கம்மா," என்றாள்.

அந்த அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார். பைக்குள் இருந்த பைக்குள் இருந்த பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார்.

"போன்ல இருக்கிறது இவன் போட்டது. இவன் சந்தோஷத்துக்கு விட்டு வச்சிருக்கேன்."

கம்பெனிக்காரன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கல்லாப் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்:

"ஏம்மா, உங்ககிட்ட இன்னும் ஒரு ஆள் சேர இடமிருக்கா?"