பன்னிரண்டாவது பெயர்

...இல்லை, அந்தத் தவளையை வைத்திருக்கக் கூடாது, வெங்காயத்தோலோடு நிறுத்தியிருக்கலாம், காலையிலிருந்து எத்தனை அம்மாக்கள் இந்த ஜாடியைப் பார்த்ததும் பிள்ளையின் தோளைத் திருப்பி எதிர்மேசைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், தவளை என்ன செய்யும் பாவம், இருபது வருஷமாக அதே முகத்தோடுதான் மிதக்கிறது, நம் முகமும் அப்படித்தான் இருக்கிறதோ என்னவோ... உயிரியல் வாத்தியார் முகத்தைக் கொஞ்சம் மலர்த்திப் பார்த்தார். பக்கத்தில் நின்ற லேப் உதவியாளர், "சார், பல்லு வலியா?" என்றார். வேண்டாம், மலர்த்த வேண்டாம். மணி மூன்றரை. நான்கு மணிக்குச் சேர்க்கை முடிகிறது. பதிவேட்டில் பதினொரு பெயர். பன்னிரண்டு சேராவிட்டால் இந்த வருஷம் உயிரியல் பட்ட வகுப்பே கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார், சிரித்துக்கொண்டே சொன்னார், "வகுப்பு இல்லேன்னா என்ன சார், வணிக நிர்வாகத்துப் பிள்ளைங்களுக்கு வாரம் ரெண்டு மணி நேரம் சுற்றுச்சூழல் எடுங்களேன்"... வணிக நிர்வாகம்! அதன் துறைத்தலைவி இதோ எதிர்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், கூடத்தின் வாசலைத் தாண்டி நீள்கிறது அவள் வரிசை, அவள் அவருக்கு வீட்டிலும் தலைவிதான், இருபத்திரண்டு வருஷமாக. கட்டின பெண்டாட்டி கையால் வாரம் இரண்டு மணி நேரம் பிச்சை வாங்குவதா? வாங்கலாம், அதில் என்ன, சோறும் அப்படித்தானே வாங்குகிறோம்... ஆனாலும்.

அவள் மேசையில் வண்ணத்திரை, சேர்கிறவர்களுக்கு ஒரு பை, பைக்குள் பேனா. இவர் மேசையில் நுண்ணோக்கி, அதன் அடியில் வெங்காயத்தோல். பார்த்து வரையுங்கள் என்று காகிதம் நீட்டுகிறார், வருகிறவர்கள் எல்லாரும் தடித்த கறுப்பு வட்டம் ஒன்றை வரைந்து அதற்கு 'உட்கரு' என்று பெயரும் எழுதிக் கொடுக்கிறார்கள், அது உட்கரு இல்லை, காற்றுக்குமிழி, கண்ணாடித் துண்டை ஊசியால் தாங்கி மெதுவாக இறக்காமல் பொத்தென்று போட்டால் மாட்டிக்கொள்ளும் காற்று, முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்கிற பிழை, இதற்காக எத்தனை பேரை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்! "சார், இன்னிக்குக் கண்ணாடி போட்டது நீங்கதான்," என்றார் உதவியாளர் தணிந்த குரலில். தெரியும். அவசரத்தில் பொத்தென்று போட்டுவிட்டார். அதனால்தான் குமிழி வரைந்த எல்லாரிடமும் "அருமை, அருமை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், இருபத்தாறு வருஷ மானம் ஒரே நாளில் காற்றோடு போயிற்று. நெட்டையாக ஒரு பையன் வந்து, இதைப் படித்தால் டாக்டர் ஆகலாமா என்று கேட்டானே, ஆகலாம் என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா, "ஆகலாம்ப்பா, ஆனா அதுக்கு வேற படிக்கணும்"... நாக்கில் சனி. அவனும் அந்தப் பக்கம்தான் போனான். இப்போது பையோடு நிற்கிறான்.

அப்போதுதான் வாசலில் மகள் தெரிந்தாள். ஐயோ. இவளும் இன்றைக்குத்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். இவளிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எதையும் திணிக்கக் கூடாது என்று சாப்பாட்டு மேசையில் கணவனும் மனைவியும் சத்தியம் செய்திருந்தார்கள், சத்தியத்தை மதித்து இவர் நத்தைகள் பற்றிய புத்தகத்தைக் குளியலறையில் வைத்தார், மனைவி மகளுடைய பலம், பலவீனம் என்று கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள், பலவீனத்தில் முதல் வரி 'அப்பா மாதிரி'... மகள் அம்மாவின் வரிசையைப் பார்த்தாள், நேராக இங்கே வந்தாள். "ஃபார்ம் குடுங்கப்பா." "எதுக்கு?" "எதுக்குன்னா? சேரத்தான்." நெஞ்சு ஒரு குதி குதித்தது, தவளை உயிரோடிருந்தபோது குதித்திருக்குமே, அப்படி, ஆனால் உடனே சந்தேகம், சந்தேகம்தானே விஞ்ஞானம், "பதினொண்ணுதான் சேர்ந்திருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?" உதவியாளர் சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். ஓஹோ. அப்படியா சேதி. அவள் இதற்குள் குனிந்து நுண்ணோக்கியில் கண் வைத்துவிட்டாள், "கறுப்பா ரவுண்டா இருக்கே, இதாப்பா உயிரு?" "அது காத்தும்மா," என்றார், அந்தக் குமிழியைப் பற்றி அன்றைக்குச் சொன்ன முதல் உண்மை. அதோடு விட்டிருக்கலாம். ஓர் உண்மை வெளியே வந்தால் பின்னாலேயே இன்னொன்று முட்டிக்கொண்டு வருகிறதே... "அப்பன் மேல பாவப்பட்டு யாரும் மூணு வருஷம் படிக்கக் கூடாது. போ, அந்த வரிசையில நில்லு." "நிஜமாத்தான் சொல்றீங்களா?" "நிஜமாத்தான்." "சரி," என்றாள். எண்பது வகை நத்தைகளை ஓட்டைத் தடவியே பெயர் சொல்வார், இந்தச் சரி எந்த வகை என்று மட்டும் பிடிபடவில்லை.

போய்விட்டாள். தியாகம்! தானாகவே நெஞ்சு நிமிர்ந்தது, யாராவது பார்த்தார்களா என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், தவளைதான் பார்த்தது. "நல்ல காரியம் பண்ணீங்க சார்," என்றார் உதவியாளர், "அந்தச் சுற்றுச்சூழல் புத்தகம் மேல் அலமாரியிலதான் கிடக்கு, தூசி தட்டித் தரேன்." எதிர்மேசையிலிருந்து மனைவி புருவத்தை உயர்த்தினாள், என்ன சொன்னீங்க அவகிட்ட என்று அர்த்தம், இவர் இரண்டு கையையும் விரித்தார், ஒன்றுமில்லை என்று அர்த்தம், அவள் நம்பவில்லை, அதற்கும் ஒரு புருவம் வைத்திருக்கிறாள். மணி மூன்று ஐம்பது. அந்த வரிசை மளமளவென்று கரைந்துவிட்டது, மகளுக்கு முன்னால் ஆறே பேர். ஐந்து. நான்கு... மறுபடி ஐந்து? அதெப்படி ஐந்து? பின்னால் நின்ற பெண்ணுக்கு வழி விட்டிருக்கிறாள். மரியாதை தெரிந்த பிள்ளை, அது அம்மா வழியில் வந்ததல்ல. இதோ இன்னொருத்தனுக்கும் விடுகிறாள். ஆறு. இதென்ன தர்மம்? இப்போது குனிந்து செருப்பில் நாடா கட்டுகிறாள், ஒரு நிமிஷமாகக் கட்டுகிறாள், அந்தச் செருப்பு இவர் வாங்கிக் கொடுத்தது, அதில் நாடாவே கிடையாது.

மூன்று ஐம்பத்தாறு. சேரத்தான் என்றாளே... பாவம் என்ற சொல்லை யார் முதலில் எடுத்தது? அவள் எடுக்கவில்லை. பதினொன்று என்று ஆரம்பித்ததும் இவர்தான், அவள் எண்ணிக்கை எதுவும் கேட்கவில்லை, ஃபார்ம்தான் கேட்டாள், கேட்ட கையோடு குனிந்து பார்க்கவும் பார்த்தாள், யாரும் பார்க்கச் சொல்லாமலே... பதினொரு பேரில் ஒருவர்கூடச் சொல்லாமல் குனியவில்லையே. அப்படியானால்? வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்களை உட்காரவைக்கத் தெரியும், தவறிப்போய் வந்தவர்களைத் தெரியும், பாவப்பட்டு வந்தால் திருப்பி அனுப்பக்கூடத் தெரிகிறது, பிடித்து வருகிற பிள்ளையை என்ன செய்வது, இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்று வந்ததில்லையே, வந்து இவர்தான் கவனிக்கவில்லையா... எதிரே மனைவி பேனாவை மூடி வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு இவரை, இந்தத் தடவை புருவமே இல்லாமல். சத்தியம் போனால் போகட்டும். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, கையில் ஃபார்மோடு, கூப்பிட வாயைத் திறந்தவர், வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதா, பதிவேட்டில் எழுத வேண்டிய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதா என்று தெரியாமல், அப்படியே...