சந்திரகிரியில் இறங்காத நாள்

திருமலையில் சாமி பார்த்தவர்கள் வழியில் எங்கும் இறங்காமல் நேராக வீடு போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் கும்பிட்ட பலன் போய்விடும் என்பது ஆந்திர எல்லையோரக் குடிபாலா பக்கத்து வழக்கம். சிவசங்கரி அதில் இம்மியும் பிசகாதவள். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்ல!

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அதற்குள் புருஷன் தமிழரசுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. வீடோ ஒற்றை அறை. மாமியார் செல்லியம்மாவின் காதுக்குத் தப்பி இருவரும் ரெண்டு வார்த்தை பேசியதில்லை. அவன் கிளம்புமுன் மூவரும் மலைக்குப் போய்க் கும்பிட்டுத் திரும்புகையில், பஸ் சந்திரகிரியில் நின்றது.

"சங்கரி, எறங்குடி. ராஜா மகால் பாத்துட்டு ஏரில படகு போவலாம். ஒரு மணி நேரந்தான்." அவன் கண்ணில் அத்தனை ஆசை.

"போய்ட்டு வாங்க. நான் கடையாண்ட குந்திக்கினு இருக்கேன்," என்றாள் செல்லியம்மா. விவரம் தெரிந்தவள்.

சங்கரிக்கு மட்டும் ஆசை இல்லையா? மனசு துள்ளத்தான் துள்ளியது. ஆனால் கடல் தாண்டிப் போகிறவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"வாணாம். நீ நல்லபடியா போய்ட்டு வா. அப்பறம் பாத்துக்கலாம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த கோடையில், வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்து தமிழரசு செத்துப்போனான். பெட்டியில் வந்தான். அவனுக்காகக் காத்த வழக்கம் அவனைக் காக்கவில்லையே என்று அவள் நெஞ்சு வெந்தது. வாய்விட்டு அழ முடியவில்லை. அவனைப் பெற்றவள் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இவள் அழுதால் அவள் தாங்கமாட்டாள். செல்லியம்மாவும் அப்படியே நினைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

சாவு நடந்த வீடென்று ஒரு வருஷம் மலைக்குப் போகவில்லை. அது கழிந்து இருவரும் போய்த் திரும்பும்போது, சந்திரகிரி வந்ததும் சங்கரி சட்டென்று எழுந்து இறங்கிவிட்டாள். செல்லியம்மா பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள்.

ராஜா மகாலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சங்கரி நேரே ஏரிக்கரைக்குப் போனாள். மிதிபடகுக்காரன் முடியாதென்று தலையாட்டினான்.

"இத்தரு காவாலம்மா. ரெண்டு பேர் மிதிக்கணும், ஒண்டியா விடமாட்டோம்."

சங்கரியின் முகம் சுருங்கியது. செல்லியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"வா," என்றாள்.

கரை தூரமாகும்வரை இருவரும் மிதித்தார்கள். நடு ஏரியில் செல்லியம்மா காலை நிறுத்தினாள்.

"இப்ப அழுவு," என்றாள். "இங்க யாரும் இல்ல. நானும் அழுவுறேன்."