கொத்து ரோஜாவுக்கு ஒரு கெடு

ரோஜா நின்ற இடத்தில் ஒரு சமாதி இருந்தது.

முயஸ்ஸர் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மகள் நிகோராவின் பிரசவத்துக்காகத் தாஷ்கண்ட் போனவள், பேரனுக்கு நாற்பது நாள் கழியட்டும், சளி தீரட்டும், இருமல் நிற்கட்டும் என்று குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்துவிட்டு, மார்ச் பிறந்த பிறகுதான் நமங்கானில் தன் வீட்டு முற்றத்தில் கால் வைக்கிறாள். வாசல் கதவை ஒட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடு. மேட்டின் ஓரத்தில் துணிக்கிழிசல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள். நீலக் கோடு போட்ட துணி. குற்றவாளி தன் பழைய சட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"ஏங்க! என் ரோஜா எங்க?"

துர்குன் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பத்திரமா தூங்குது. பனி கொட்டப் போகுதுன்னு டிவியில சொன்னான். நம்ம திராட்சைக் கொடியெல்லாம் வழக்கம்போல சாய்ச்சுக் கட்டிப் புதைச்சேன். உன்னோடது மட்டும் பாவம் தனியா நிக்குதேன்னு அதையும் படுக்க வச்சு, சட்டையக் கிழிச்சுக் கட்டி, மேல பிளாஸ்டிக் தாள் போட்டு மண்ண மூடிட்டேன். கொடிக்குக்கூட நான் பிளாஸ்டிக் போட்டதில்ல, தெரியுமா?"

"அது கொடியாங்க?"

"கொடிக்குக் குளிரும், ரோஜாவுக்குக் குளிராதா? என்ன கேள்வி இது!"

நவம்பரில் கொடியைப் புதைப்பதும் மார்ச்சில் தோண்டி எடுப்பதும் அந்த ஊர் ஆண்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கையில் மண்வெட்டி இருந்தால் மாமியாரைத் தவிர எல்லாவற்றையும் புதைத்துவிடுவார்கள்.

முயஸ்ஸர் தாளை விலக்கினாள். காளான் வாடை முகத்தில் அடித்தது. கிளைகள் கறுத்து, சாம்பல் பூசணம் பிடித்து, தொட்டதும் தோல் வழுக்கியது. செடி குளிரில் சாகவில்லை. வியர்த்தே செத்திருந்தது.

துர்குனின் பெருமை மெல்ல இறங்கியது. ஆனால் மனிதர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் சாதி இல்லை.

"சரி விடு, அதோட ஆயுசு அவ்வளவுதான். நல்லவேளை, அந்திஜான்ல இருக்கிற சிநேகிதன் ஒரு ஹுசைனி திராட்சை நாற்று குடுத்திருக்கான். விரல் நீளத்துக்குப் பழம். வாளியில வேர் பிடிச்சு ரெடியா நிக்குது. இந்த இடத்துல வச்சிடுவோம்."

'இந்த இடம்' என்று அவர் வாயசைவில் முடித்துவிட்ட அந்த மூலைதான் அவளுக்கு எல்லாம். முற்றம் முழுக்க சிமெண்ட். வேலியோரம் விட்டிருந்த மண்ணில் பெரும்பகுதி அவருடைய கொடிகளுக்கு. மிச்சமிருந்த மூலையைக் கேட்டு வாங்கி, பூச்சந்தையில் தானே அலைந்து, தானே பார்த்துப் பொறுக்கி வந்தாள். ஒரு கொத்தில் ஏழெட்டுப் பூ, பாதாமிப் பழத்தின் இளஞ்செம்மஞ்சள் நிறம். ஒரு கொத்து உதிர்ந்தால் அடுத்தது. மருந்தடிக்காமல், சீராட்டாமல், போன வருஷம் இலையுதிர் காலம் வரை பூத்தது. அந்த வீட்டில் திரைச்சீலை மாமியார் தேர்வு, கம்பளம் நாத்தனார் தேர்வு, கொடி கணவர் தேர்வு. அவள் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு செடிதான்.

"தோண்ட வேண்டாம்," என்றாள்.

"செத்ததை வச்சு என்ன பண்ணப் போற?"

"செத்துச்சா இல்லையான்னு நான் சொல்றேன். மல்பெரி பழுக்கிற வரைக்கும் கெடு குடுங்க. அதுக்குள்ள பூக்கலேன்னா இடம் உங்களுது. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ? வாய் திறக்காம?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. பக்கத்து வீட்டு அதோலத். முயஸ்ஸரை அக்கா முறையில் 'ஓபா' என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய மல்பெரி மரத்தில் பாதி தெருவுக்கு மேல்தான் நிற்கும்.

"நான் சாட்சி, ஓபா! முதல் பழம் பழுத்ததும் தட்டுல வச்சுக் கொண்டு வரேன்!"

*

அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்தாள். கறுப்பு முடியும் வரை வெட்டுவது என்று ஆரம்பித்தாள். கறுப்பு முடியவே இல்லை. முழங்கால் உயரம், சாண் உயரம், கடைசியில் ஒட்டுக் கட்டிய முண்டு மட்டும் மண்ணோடு மண்ணாக மிஞ்சியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தோலுக்கடியில் பச்சை. மயிரிழைதான். ஆனால் பச்சை.

நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக் களேபரம் அடங்கிய ஒரு காலையில் துர்குன் முற்றத்திலிருந்து கூவினார். "முயஸ்ஸர்! ஓடி வா! பொழச்சிருச்சு! நான் சொல்லல?"

மூன்று தளிர்கள். வெளிர்பச்சை. நிமிர்ந்து, கொழுகொழுவென்று, ஒரே வாரத்தில் முழ உயரம். அவருக்கு உயிர் திரும்ப வந்ததுபோல் இருந்தது. கொலைப்பழி கழிந்ததே!

முயஸ்ஸர் சிரிக்கவில்லை. மண்டியிட்டு, விரலால் மண்ணைப் பறித்துக்கொண்டே போனாள். மூன்றும் முண்டுக்குக் கீழே, வேரிலிருந்து வந்திருந்தன. நல்ல ரோஜாவை எதன் வேர் மேல் ஒட்டுக் கட்டியிருந்தார்களோ, அந்தக் காட்டு ரோஜாவின் தளிர்கள். சுஸ்த் ஊரில் அவள் அம்மா வீட்டிலும் இப்படித்தான். வளருது வளருது என்று எல்லாரும் கொண்டாடினார்கள். இரண்டே வருஷத்தில் நல்ல ரோஜா போய், ஐந்து இதழ் முட்செடி ஒன்று சுவரேறி நின்றது.

ஒவ்வொன்றாக அடியில் பிடித்து, வேரிலிருந்து பிய்த்தாள்.

"அடிப்பாவி!" துர்குன் தலையில் கை வைத்தார். "நான் புதைச்சது குத்தம்னா இது என்ன? நல்லா வளர்ற பிள்ளைய வெளிய தள்ளுறியே!"

"அது நம்ம பிள்ளை இல்லைங்க. வாடகைக்கு இருந்தவன், வீட்டையே எழுதி வாங்கப் பாக்குறான்."

"அப்ப நம்ம பிள்ளை எங்க?"

முண்டின் மேல் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. எறும்பு அளவு. விரலை வைத்துக் காட்டினாள்.

மதில் மேல் அதோலத்தின் தலை. "ஓபா, அதைப் பாக்க பூதக்கண்ணாடி வேணுமா? எங்க வீட்டுல இருக்கு!"

"குடு. உன் வீட்டுக்காரருக்கு மூளை இருக்கான்னு அப்புறம் நீ தேடிக்கலாம்."

அதோலத் சிரித்த சிரிப்பில் மரத்துக் குருவிகள் பறந்தன. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை. அதுவே முயஸ்ஸருக்குக் கலக்கமாக இருந்தது. நோயாளியைப் பற்றி விசாரிக்காமல் விட்டால் என்ன அர்த்தம்?

*

புள்ளி நீண்டது. சிவந்த குருத்தானது. அப்போதுதான் அடுத்த கண்டம்.

வாய்க்கால் தண்ணீர் அவர்கள் தெருவுக்குத் திரும்பும் முறை வந்தது. துர்குன் மடையைத் திறந்து கொடிகளுக்குப் பாய்ச்சினார். பாய்ச்சியவர், பாசம் மீறி, ரோஜா மூலையையும் குளமாக்கிவிட்டார். போதாததற்குக் கோழி எரு இரண்டு வாளி. மக்காத பச்சை எரு!

முயஸ்ஸர் சமையலறையிலிருந்து பார்த்தாள். மாவுக் கையோடு ஓடிவந்து எருவை வாரி வெளியே எறிந்தாள். களிமண்ணைப் பிசைந்து மூலையைச் சுற்றி வரப்புக் கட்டினாள்.

"பட்டினி போட்டே கொல்லப் போற!" என்று கத்தினார்.

"நீங்க ஊட்டி ஊட்டியே கொல்வீங்க! அது சும்மா விட்டா வளர்ற ஜாதிங்க. போன வருஷம் நாம என்ன செஞ்சோம்? ஒண்ணுமே செய்யல. பூத்துச்சா இல்லையா?"

"ஒண்ணும் செய்யாம எப்படி ஒரு மனுஷன் இருக்க முடியும்?"

அவர் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பாட்டில் அவருக்கு இரண்டு கறித்துண்டு கூடுதலாக வைத்தாள். சாப்பிட்டார். முகம் திரும்பவில்லை.

குருத்து ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. மே பாதியில் ஒரு நுனியில் மொட்டுக் கொத்து தெரிந்தது. பச்சை உறைக்குள் இறுக மூடி, உளுந்து அளவில். காலையில் எழுந்ததும் முதல் பார்வை மொட்டுக்கு, அடுத்த பார்வை மதிலுக்கு மேலே மல்பெரிக் கிளைக்கு. எது முந்தும்?

கிளை முந்தியது.

அதோலத் சொன்ன வாக்குத் தவறாமல் தட்டோடு வந்தாள். வெள்ளை மல்பெரி, தேன் சொட்ட. கேலி பேசவில்லை. "மன்னிச்சிடுங்க ஓபா. மரம் என் பேச்சைக் கேக்கல."

முயஸ்ஸர் மொட்டைப் பார்த்தாள். உறை ஒரு பக்கம் பிளந்து, பாதாமி நிறம் நூலாகத் தெரிந்தது. நூல்தான். பூ இல்லை.

துர்குன் மண்வெட்டியோடும் ஹுசைனி வாளியோடும் வந்து நின்றார். செடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள்ல விரிஞ்சிடும்போல..."

"கெடு கெடுதான். நான் தோத்துட்டேன். இடம் உங்களுது. பிடுங்குறதுன்னா நீங்களே பிடுங்குங்க. என் கையால மாட்டேன்."

மண்வெட்டியைச் செடிக்கு அருகே ஊன்றினார். மிதிக்கக் காலை வைத்தார். கால் இறங்கவில்லை. ஒரு தடவை புதைத்தவருக்கு இரண்டாம் தடவை மனசு வரவில்லை.

"வேற இடம் இருந்தா நான் ஏன் இதைக் கேக்கப் போறேன்?" என்றார் எரிச்சலோடு. "எல்லாம் சிமெண்டு!"

முயஸ்ஸர் ஒரு நொடி அவரையே பார்த்தாள். உள்ளே போனாள். கடப்பாரையோடு வந்தாள். கொடிப் பந்தலின் மறுகால் ஊன்றியிருந்த இடத்துக்கு, அவர் தினமும் தன் வெள்ளை வேனை உள்ளே கொண்டுவந்து நிறுத்தித் துடைக்கும் இடத்துக்கு, நேராக நடந்தாள்.

"ஏய்! என்ன பண்ற?"

ணங்!

"பைத்தியமா! போன வருஷம் போட்ட சிமெண்டு!"

ணங்!

"உங்களுக்குக் கொடி வைக்க மண்ணு வேணும். கீழ இருக்கு. எனக்கு ரோஜா வேணும். மேல இருக்கு. நடுவுல சிமெண்டுதான் தடை."

நான்காவது அடியில் விரிசல் ஓடியது. அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கை தோலுரிந்தது. நிறுத்தவில்லை.  துர்குன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார்.

"இப்படியா குத்துவாங்க? தள்ளு. ஓரத்துல வச்சு நெம்பணும்."

சாயங்காலத்துக்குள் ஹுசைனி மண்ணில் நின்றது.

மூன்றாம் நாள் கொத்து விரிந்தது. ஏழு பூ. துர்குன் தண்ணீர்க் குழாயோடு பக்கத்தில் தவித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி?"

"வேணாம்."

"கொஞ்சம் உரம்?"

"வேணாம்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே தெருவில், அதோலத்தின் மரத்தடியில், அவருடைய வெள்ளை வேன் கூரையிலிருந்து சக்கரம் வரை மல்பெரிச் சாறு வழிய நின்றுகொண்டிருந்தது.

"வேனைக் கழுவுங்க," என்றாள் முயஸ்ஸர்.