காதோரத்துப் பள்ளம்

கென்சோ என் மேசையில் ஒரு ரோமானியப் பொற்காசை வைத்தான். எங்கள் டான்யூப் கரையில் உழுதால் காசு கிடைப்பது அதிசயமில்லை. கிடைத்ததை எல்லாரும் என்னிடம்தான் காட்டுவார்கள்.

"வெலிச்கா அக்கா, நல்லாப் பாருங்க. தேறுமா? ஸ்டோயில் இன்னிக்கே வாங்கிக்கிறேன்னுட்டான்."

ஸ்டோயில் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்காது. அவனை ஏமாற்றிய படகுக்காரனை ஆற்றிலிருந்துதான் எடுத்தோம்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எடை சரி, தங்கமும் தங்கமே. காசில் பொறித்திருந்த பேரரசனின் காதோரத்தில் கடுகளவு பள்ளம். ஜார்ஜ் திருநாள் விருந்தில் ஸ்டோயில் குனிந்து எனக்கு ராக்கியாச் சாராயம் ஊற்றியபோது, அவன் கழுத்தில் தொங்கிய காசிலும் இதே இடத்தில் இதே பள்ளம் இருந்தது.

"டேய், அவன் கழுத்துல கெடக்கிறதும் நீ வித்ததுதானா?"

"ஆமாக்கா. அதுக்கென்ன இப்ப?"

"ரோமாக்காரன் ஒவ்வொரு காசையும் தனித்தனியா சுத்தியலால அடிச்சான்டா. ஒரு காசுல விழுந்த வடு அப்படியே இன்னொண்ணுல விழாது. இது ரெண்டும் ஒரே மண் அச்சுல வார்த்தது."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "தங்கம் நெசந்தானேக்கா! அம்மா சங்கிலியத்தான் உருக்கினேன்."

"விட்டா அம்மாவையும் சேத்து உருக்கியிருப்பே. போ, இதை ஆத்துல போடு."

"முடியாதுக்கா. அவன் பொண்டாட்டிக்குத் தோடு பண்ணணுமாம். கழுத்துல கெடக்கிறதுக்கு ஜோடி வேணும்னு கேட்டான்."

வாசலில் கார் வந்து நின்றது. ஸ்டோயில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

"அக்கா, அந்தக் கண்ணாடியக் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."