கிடாயின் நிறம்

கிடாய் திரும்பி வந்த மறுநாள் இன்ஷிரா அதைக் கிணற்றடியில் கட்டிச் சவர்க்காரம் போட்டாள். தண்ணீர் பழுப்பாக வடிந்தது. அதை ஒரு பாத்திரத்தில் பிடித்தாள்.

பழுப்பு உரோமச் செம்மறிகளில் இப்போது எஞ்சியிருப்பவை, அவளுடைய நான்கு பெட்டைகள், இந்த ஒரு கிடாய், வீரமுனைச் சின்னப்போடியிடம் சில. மற்றவர்கள் வெள்ளையோடு கலக்கவிட்டு இறைச்சிக்கு விற்றுவிட்டார்கள். அவள் அந்த உரோமத்தைச் சாயமிடாமல் நூற்றுப் போர்வை நெய்கிறாள். சின்னப்போடியின் கிடாய் செத்துப்போனதால் அவளுடையதை இரவலாகக் கேட்டார். கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து வந்த கிடாய் அவள் குரலுக்குத் தலை திருப்பவில்லை. கைபேசியிலிருந்த பழைய படங்களோடு ஒப்பிட்டாள். நிழலில் எடுத்ததில் நிறம் ஒத்தது. வெயிலில் எடுத்ததில் ஒக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் கிட்டியிருந்தது. கொழுத்த கிடாய்க்கு எங்கும் நல்ல விலை. அவளுடையதை விற்றுவிட்டு வேறொன்றை அனுப்பியிருக்கலாம்.

"ஆட்டுக்கு ஆரும் சாயம் போடுவானா?" தறியிலிருந்தபடி கணவன் முஹ்ஸின் சிரித்தான்.

"மருதமுனைச் சாயக்காரரிட்டக் கேட்டா ஒங்கட தாடிக்கும் போடுவாங்க."

"அந்தாள் அப்பிடிப்பட்டவர் இல்ல புள்ள."

"எப்பிடிப்பட்டவரெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

முஹ்ஸின் சிரிப்பை நிறுத்தினான். மீண்டும் தறியை மிதித்தான்.

வெள்ளைப் பருத்தி நூல் கொஞ்சத்தை அந்தத் தண்ணீரில் அமிழ்த்தினாள். சாயமென்றால் நூல் பிடித்துக்கொள்ளும். சேறென்றால் அலசப் போய்விடும். பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து அலசினாள். நூல் வெள்ளையாகவே இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைதான். நல்ல சாயக்காரன் போட்டால் இளகாது என்று நினைத்தாள்.

வாசலில் முச்சக்கரவண்டி நின்றது. சின்னப்போடி இறங்கினார். கையில் ஒரு பழுப்புக் குட்டி.

"என்ன தங்கச்சி, குளிப்பாட்டுறீங்களோ? எங்கட ஊருச் சேறு மாப்பிள்ளைக்கு ஒத்துக்கல்லையோ?"

"வெயில்தானே அண்ணன்."

"வயலுக்க வேற கிடாயோட முட்டி, காதில அடி. அந்தப் பக்கம் கேக்கிறது குறைவு போல."

அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறார்?

"இந்தாங்க, பெட்டைக்குட்டி. எண்ட கிடாய் சாக முந்தி அதுக்குப் பொறந்தது. ஒங்கட பட்டியெல்லாம் ஒரே ரத்தம். இது வேற ரத்தம். வச்சிருங்க."

அவள் பட்டியில் இந்த வருடம் பிறந்த குட்டிகளில் ஒன்றுகூட எழுந்து நிற்கவில்லை. வேறு இரத்தம் சேராவிட்டால் பட்டி அவளோடு முடிந்துவிடும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்ததை அவர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றார்.

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும் அண்ணன்," என்று கை நீட்டினாள்.

குட்டி சூடாக இருந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவளுடைய பெருவிரல்கள் முதுகு உரோமத்தை இரண்டாகப் பிரித்து, அடித்தோல் வெளுப்பாகத் தெரியும்வரை போயிருந்தன. அவள் குனிந்து உரோம வேரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது சின்னப்போடி அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். குட்டியின் பின்னங்கால்கள் இன்னும் அவர் கைக்குள் இருந்தன.