அப்பா பேரில் ஒரு மாத்திரை

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாரே, கடைசியா எப்ப போட்டாரு?" அப்பாவின் கண்ணைப் பிரித்து விளக்கடித்தபடியே கேட்டார் டாக்டர்.

மகள் அப்பாவின் இடது கையைப் பிடித்திருந்தாள். சாலைத்துறையில் முப்பது வருஷம் ரோலர் ஓட்டிய கை. காலையில் பல் விளக்கும்போது துவண்டதுதான், இன்னும் எழவில்லை.

"காதுல விழுதாம்மா? மூணு வருஷமா வாங்கறதா பதிவுல இருக்கு. அது உடம்புல இருந்தா, மூளையில அடைப்பைக் கரைக்கற ஊசி போட முடியாது. ரத்தம் கொட்டிடும். டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வர நேரமில்ல. இருபது நிமிஷந்தான் இருக்கு."

அப்பா அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. அது தார்ச்சட்டிச் சித்தப்பாவுடையது. ரோலருக்கு முன்னால் கொதிக்கும் தாரைச் சுமந்து நடந்தவர், கடைசிவரை தினக்கூலி. பென்ஷனும் இல்லை, காப்பீட்டு அட்டையும் இல்லை. நெஞ்சு படபடத்து அவர் சுருண்ட அன்று, அப்பாதான் தன் அட்டையை அவர் சட்டைப்பையில் திணித்தார்.

"போடா. தார்ப்புகை குடிச்ச மூஞ்சி ரெண்டும் ஒண்ணுதான். இந்தப் போட்டோவைப் பாத்தா உங்கண்ணிக்கே ஆள் தெரியாது."

அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

எதிர்ச்சுவரில் கொட்டை எழுத்தில் இருந்தது: அட்டையைப் பிறருக்குக் கொடுத்தால் ரத்து. அதே அட்டையில்தான் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

"அம்மாகிட்ட கேட்டுட்டு வரேன் டாக்டர்."

வெளியே பெஞ்சில் அம்மாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். மகள் சொன்னதை அம்மா முழுதும் கேட்டாள். ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாய்ப் புடைத்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை. மகளும் வற்புறுத்தவில்லை. சுவர்க்கடிகார முள் நகர்ந்துகொண்டிருந்தது.

தூக்கத்தில் உலுக்கப்பட்ட ஆள்போல் திடுக்கென்று நிமிர்ந்தார் சித்தப்பா. "என்ன அண்ணி, வாயில என்ன கொழுக்கட்டையா? அங்க மனுசன் போயிட்டிருக்காரு!" செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். "ஐயா, அந்த மாத்திரையைத் தின்னது நான். அவரு இல்ல. என்னைப் புடிச்சுக் குடுங்க, அவருக்கு ஊசியைப் போடுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"'அவர் போடறதில்லை'ன்னு ஒரு வார்த்தை போதுமேம்மா. யார் போட்டாங்கன்னு நான் கேட்டேனா?"

ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார்.

சாயங்காலம் வண்டிக்காகக் காத்திருந்தபோது மகள் சித்தப்பாவின் பையிலிருந்து மருந்துக் கவரை எடுத்தாள். மேலே அப்பாவின் பேர் அச்சாகியிருந்தது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"நேரமாச்சு சித்தப்பா."

அவர் கையை மூடிக்கொண்டார். வண்டி வந்து, பின்கதவு திறந்து, அப்பாவை ஏற்றும்வரை அந்தக் கை திறக்கவில்லை.