சங்கு ஊதுவதற்குள்

மூன்றாவது தடவையும் டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. “கிருமி எதுவும் இல்லம்மா. கர்ப்பப்பை வாயும் நல்லாயிருக்கு. ஏன் வெள்ளைபடுதுன்னு கேட்டா எனக்கே தெரியல. சிலருக்கு இப்படித்தான். சும்மா சும்மா சோப்பு போட்டுக் கழுவாதீங்க, ஈரம் காயாத துணியப் போடாதீங்க” என்று வேலப்பன்சாவடி டாக்டரம்மா சிரித்த முகமாக அனுப்பிவிட்டார். ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு மூன்று உள்ளாடை மாற்றுகிறவளுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இனிக்கும்? ஷர்மிளாவுக்கு ஆட்டோவில் அழுகைதான் வந்தது.

புருஷனிடம் மூச்சு விடவில்லை. கிருபாகரன் அந்த மாதிரி வியாதி என்று நினைத்துவிட்டால்? மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொன்னவர் யாரோ ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். அவன் கை நீளும்போதெல்லாம் தலைவலி என்றாள். போன வாரம் அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான்.

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவள் துணிகள் எப்போதும் போல நசநசவென்று தொங்கின. வெயிலையே பார்த்திராத துணிகள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் வளர்ந்தபோது அப்படியா? மத்தியானம் ஆண்களெல்லாம் ஃபேக்டரிக்குள். மொட்டைமாடி பெண்களுடையது. உள்பாவாடை, பாடி, ஜட்டி எல்லாம் கூச்சமில்லாமல் கொடியில் காயும். நாலரைக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதுவதற்குள் அத்தனையும் மாயமாகிவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அதுவரை அங்கே பேசாத பேச்சில்லை. எதிர்வீட்டு சுலோசனா அக்கா, நல்ல வாட்டசாட்டம், இடுப்பில் கை வைத்து நிற்பாள். “எனக்குப் பத்து வருசமா வெள்ளைபட்டுகினுதான் கீது. எலும்பு உருகும்னாளுங்க. உருகுன உடம்பாடி இது?” மாடியே சிரிக்கும். கிளிப் பொறுக்குகிற சின்ன ஷர்மிளாவும் ஒன்றும் புரியாமல் சிரிப்பாள். ஐயோ, அந்தச் சிரிப்பு இப்போது ஒரு வாய் கிடைத்தால் போதும்! இந்த அடுக்ககத்தில் நூற்றிருபது வீடு. யாரிடம் போய்ச் சொல்வாள்?

துணிகளை வாளியில் அள்ளி வந்து பால்கனிக் கொடியில், நல்ல வெயிலில், வரிசையாகப் போட்டாள். நாலரை ஆனதும் பழக்கதோஷத்தில் கை கொடிக்குப் போனது. அதே நேரம் கிருபாகரன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். கையை இறக்கிக்கொண்டாள். துணிகள் அங்கேயே கிடந்தன.

“இன்னா ஷர்மி, எல்லாம் இங்க காயுது?”

“அஞ்சு மாசமா வெள்ளைபடுது. எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன். ஒண்ணும் இல்லையாம். ஆனா நிக்கல.”

“நான்தான் உனக்குப் புடிக்காமப் பூட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றான்.

பிறகு பால்கனிக்கு வந்தான். கொடியின் ஓரத்தில் அவனுடைய ஜீன்ஸ் தொங்கி, அவள் துணிகளின் மேல் நிழல் விழுந்துகொண்டிருந்தது. அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினான்.

“ரெண்டு கிளிப்பு குடு. ஏரிக்காத்து தூக்கினு பூடும்.”